தமிழ்நாட்டினு வெள்ளம்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்கு ஜீப்பில் ஏறி வரும் ஏலத்தோட்ட ஆட்களுக்குப் பேர் எழுதிச் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு நடந்து, முல்லைப் பெரியாறு அணை உடையும் என்ற பயம் மறுபடி கிளம்பிய நேரம், ஒரு காலையில் பாதி ஆட்கள் வரவில்லை. வந்திருந்த அக்கா ஒருவர் போனை நீட்டினார்: "கேளு தம்பி, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

கேரளத் தலைவர்கள் வருடக்கணக்காகச் சொல்லும் வாசகம்தான். "தமிழ்நாட்டினு வெள்ளம், கேரளத்தினு சுரக்ஷ." மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். உங்களுக்குத் தண்ணீர் தருகிறோம், எங்கள் பாதுகாப்புக்குப் புது அணை வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நமக்குச் சண்டை உண்டு, 142 அடி தேக்கலாம் என்று 2014ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அது வேறு. ஆனால் அந்த ஆடியோவில் ஒரு தமிழ்க்குரல், நம்மை மூழ்கடிக்கப் போவதாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று விளக்கியது.

என்னை உலுக்கியது இதுதான்: அந்த அக்கா இருபது வருடமாகத் தோட்டத்தில் மலையாளத்தில் "வெள்ளம்" கேட்டு வாங்கிக் குடிப்பவர். அவருக்கே அன்று அது தண்ணீராகக் கேட்கவில்லை. 2011 டிசம்பரில், அணைத் தகராறில் குமுளி எல்லை அடைபட்டபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலை இறங்கியவர் அவர். அந்தப் பயம் உள்ளேயே இருந்தது, ஆடியோ அதைத் தொட்டுவிட்டது.

அணை உடைந்தால்கூடத் தண்ணீர் கேரளத்து வண்டிப்பெரியாறு, உப்புத்தறை பக்கம்தான் போகும், கம்பத்துக்கு வராதே என்றேன். அப்படியென்றால் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வரும் சுரங்கத்தைத் திறந்து விடுவார்கள் என்றார். அதன் தேக்கடி மதகு நம் நீர்வளத்துறை கையில்தானே இருக்கிறது என்றேன். "அதைப் பிடுங்கத்தான் இத்தனையும்!"

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. 2017 அக்டோபர் 5 அன்று ராணுவ அதிகாரிகளை அருகில் வைத்துக்கொண்டு, இது புயலுக்கு முந்தைய அமைதியாக இருக்கலாம் என்றார் டிரம்ப். என்ன புயல் என்று கேட்டதற்கு, தெரிந்துகொள்வீர்கள் என்று மட்டும் சொன்னார். அந்த மாதமே இணையத்தில் க்யூ என்ற புனைபெயரில் பதிவுகள் தொடங்கின, புயல் என்றால் எதிரிகளைக் கூண்டோடு பிடிக்கும் நாள் என்று ஒரு பெருங்கூட்டம் நம்பியது. 2021 ஜனவரி 20ல் பைடன் பதவியேற்றார், யாரும் கைதாகவில்லை. அதன் பிறகும் பலர் வேறு தேதி குறித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அன்று மாலை, வெள்ளம் என்றால் என்ன என்று என் குரலிலேயே பேசி ஆட்களின் குரூப்பில் போட்டேன். முதல் பதில்: "முதலாளி சொல்லச் சொன்னாரா அண்ணே?"

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். கூட வரும் மகளை மட்டும் கூட்டி வரவில்லை.