மொத்தம் எவ்வளவு ஆச்சு?

நவம்பர் 29, சனி

இந்த வருடக் கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, இனி அவளால் அடுப்படியில் நாள் முழுக்க நிற்க முடியாது என்று தம்பி போனில் சொன்னான், சொல்லிவிட்டு இரண்டு நொடி பேசாமல் இருந்தான், அந்த இரண்டு நொடியில் "சரி, எல்லாரும் இங்க வந்துடுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. போனை வைத்தபிறகுதான் தலையை எண்ணினேன். நாங்கள் நான்கு பேர், அம்மா, தம்பி வீட்டில் நான்கு, சித்தப்பா சித்தி, அவர்கள் மகள் வீட்டில் மூன்று, கொழுந்தனாரும் அவர் மனைவியும். பதினாறு. பெரியவர்கள் 11, பிள்ளைகள் 5.

அம்மாவிடம், "வழக்கமா உனக்கு எவ்வளவு ஆகும்மா?" என்று கேட்டேன். "அது என்ன பெரிய செலவு, இருக்கிறதை வச்சுப் பண்றதுதானே" என்றாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே பதில்.

அதனால் இந்த முறை எல்லாவற்றையும் எழுதி வைப்பதாக இருக்கிறேன். தொகையை இங்கே போடப் போவதில்லை, அது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். மொத்தச் செலவை 100 பங்காக வைத்து, எது எத்தனை பங்கைத் தின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று வெறும் கணக்கு. எலும்பில்லாத இறைச்சி என்றால் பெரியவர் தலைக்கு 200 கிராம், முழுக் கோழியாக வாங்கினால் எலும்பும் சேர்த்து 400 கிராம், பிள்ளைகளுக்கு அதில் பாதி. அப்படிப் பார்த்தால் கோழி மட்டும் 5.4 கிலோ. 1.8 கிலோ எடையில் மூன்று முழுக் கோழி வாங்கினால் கச்சிதமாக முடிந்துவிடும். உருளைக்கிழங்கு பெரியவர் தலைக்கு 200 கிராம், பிள்ளைகளுக்குப் பாதி, 3 கிலோ தாராளம்.

தாளில் எழுதும்போது எவ்வளவு நிதானமாக இருக்கிறேன் பாருங்கள். இந்த நிதானம் கடைக்குள் கால் வைத்ததும் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 6, சனி

கெடாத சாமான்களை முதலில் வாங்கிவிடலாம் என்று போனோம். மாவு, சர்க்கரை, உலர் பழம், கொட்டைகள், வெண்ணெய். வெண்ணெய்க்கு ஃப்ரீஸரில் இடம் இருக்கிறது.

வெண்ணெய் விலை ஏறவில்லையே என்று சந்தோஷமாக நான்கு பாக்கெட் எடுத்துப் போட்டேன். என் மகள்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, போன தடவை 500 கிராம், இது 450" என்றாள். அதே பாக்கெட், அதே படம், ஓரத்தில் பொடி எழுத்தில் எடை மட்டும் குறைந்திருக்கிறது. நான்கு பாக்கெட்டில் 200 கிராம் போச்சு, ஏறக்குறைய அரைப் பாக்கெட். அதற்கப்புறம் ஒவ்வொன்றிலும் கிலோவுக்கு என்ன விலை என்று பார்க்க ஆரம்பித்தோம். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன், முந்திரியில் அது தலைகீழாக இருந்தது, சின்னப் பாக்கெட்டில்தான் கிலோ விலை குறைவு. பெரிய பாக்கெட்டில் தங்கக் கலர் ரிப்பன் ஒன்று ஒட்டியிருந்தது, அதற்கும் சேர்த்துத்தான் விலை போலிருக்கிறது.

டிசம்பர் 13, சனி

இறைச்சி வாங்கும் நாள். கடைசி வாரத்தில் விலை ஏறும், ஏறாவிட்டாலும் நல்ல துண்டு கிடைக்காது, அதனால் இப்போதே வாங்கி மைனஸ் 18 டிகிரியில் போட்டுவைப்பது என்று ஏற்பாடு.

மூன்று கோழி என்று எழுதிக்கொண்டு போனேன். நான்கு வாங்கினேன். கூடவே எலும்பில்லாத கறி 2 கிலோ. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கல்லாவுக்கு முன்னால் நிற்கும்போது சித்தி மேஜையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, பரவாயில்ல, போதும் போதும்" என்று சொல்வது காதில் கேட்டது. அவள் அப்படிச் சொன்னதே கிடையாது, பாவம். ஆனால் நான்காவது கோழி அந்தச் சொல்லாத சொல்லுக்காக வாங்கியது. நோட்டில் இதற்குத் தனியாக ஒரு பத்தி போட்டுத் தலைப்பு வைத்தேன்: "பயத்துக்கு வாங்கியது."

வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்தப் பத்திக்கு இன்னும் ரெண்டு பக்கம் விட்டு வை" என்றார்.

டிசம்பர் 17, புதன்

குடும்ப வாட்ஸ்அப்பில் தம்பி மனைவி, "அண்ணி, நாங்க என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டிருந்தாள். அடுத்த நிமிடமே சித்தப்பா மகளும் கேட்டாள். குளிர்பானம் கொண்டுவா, பழச்சாறு கொண்டுவா என்று சொல்ல வேண்டியதுதான், விரல் அதைத்தான் தட்டவும் தொடங்கியது. அழித்துவிட்டு, "ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தா போதும்" என்று போட்டேன். பூச்செண்டு ஒன்றையும் சேர்த்து.

வந்தால் போதும் என்று எழுதிய அதே கையால் அரை மணி நேரம் கழித்துப் பாட்டில் பானங்களின் விலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று ஒரு சோதனை செய்தேன். யாரும் சிரிக்கக் கூடாது.

ஒயின் குடிப்பவர்கள் ஏழு பேர். ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் 14. ஒரு பாட்டில் 750 மில்லி, கிளாஸுக்கு 150 மில்லி ஊற்றினால் பாட்டிலுக்கு ஐந்து, ஆக மூன்று பாட்டில் வாங்கினால் ஒரு கிளாஸ் மிச்சமே இருக்கும். இந்தக் கணக்கை நம்பி மூன்று வாங்கியாயிற்று. பிறகு சந்தேகம் வந்து, எங்கள் வீட்டு ஒயின் கிளாஸில், விருந்தாளிக்கு ஊற்றுவது போல, கஞ்சத்தனம் தெரியாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கவிழ்த்துப் பார்த்தேன். 240 மில்லி. அப்படியானால் பாட்டிலுக்கு மூன்று கிளாஸ்தான், மூன்று பாட்டிலுக்கு ஒன்பது. சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே ஒயின் காலியாகியிருக்கும்.

இரண்டு வழி இருந்தது, இன்னும் இரண்டு பாட்டில் வாங்குவது, அல்லது கிளாஸை மாற்றுவது. அலமாரியின் மேல்தட்டில் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சின்னக் கிளாஸ்கள் பெட்டியோடு அப்படியே இருந்தன. கழுவி எடுத்தேன், 160 மில்லியிலேயே நிறைந்து காட்சி கொடுக்கிறது. சரி, தாளில் போட்ட கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. இருந்தாலும் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கினேன், அது எந்தப் பத்தியில் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளின் பழச்சாறுக்கு இந்தச் சோதனையைச் செய்யவில்லை. அதன் பலனை 25-ஆம் தேதிதான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 23, செவ்வாய்

கோழிகளை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாயிற்று. இரண்டு கிலோக் கோழி ஃப்ரிட்ஜுக்குள் பதம் வர ஏறக்குறைய ஒரு முழு நாள் வேண்டும், வெளியே வைத்து உருக விடுவது ஆபத்து. நான்கு கோழியும் உள்ளே போனபிறகு ஃப்ரிட்ஜில் வேறு எதற்கும் இடம் இல்லை. பால் கதவில், முட்டை வெளியே, பானங்கள் எல்லாம் தரையில். மூன்று கோழியாக இருந்திருந்தால் பாட்டில்கள் உள்ளே போயிருக்கும், இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

கடைக்கு மூன்று நடை. முதல் நடை கிரீம் வாங்க, இரண்டாவது டிஷ்யூ பேப்பருக்கும் உப்புக்கும் (உப்பு! பதினாறு பேருக்குச் சமைக்கப் போகிறவள் உப்பை மறந்தாள்), மூன்றாவது வீட்டுக்காரர் போய் ஐஸ் வாங்கி வந்தார், பாட்டில்களைக் குளிப்பாட்டும் பெரிய வாளியில் போட்டு வைப்பதற்கு. "ஒரு சாமான்தான்" என்று போகும் ஒவ்வொரு நடையிலும் கையில் ஐந்து சாமான் திரும்பி வருகிறது. நேற்றுவரை பட்டியல் போட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் இந்த மூன்று நடையில் போய்விட்டது என்று நினைக்கிறேன். கால் வலிக்கிறது. மிச்சம் அப்புறம்.

டிசம்பர் 25, வியாழன், இரவு

எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா, ஆளுக்கொரு கேக் வாங்கி வந்திருக்கிறார்கள். தம்பி ஒன்று, சித்தப்பா ஒன்று, அவர் மகள் ஒன்று, கொழுந்தனார் ஒன்று, நான் செய்தது ஒன்று. ஐந்து கேக். பழச்சாறு மதியம் மூன்று மணிக்கே தீர்ந்தது.

எப்படித் தீர்ந்தது என்று மாலையில் புரிந்தது. ஜன்னல் திட்டில் பாதி குடித்த டம்ளர் ஒன்று, மாடிப்படியில் இரண்டு, செருப்பு வைக்கும் இடத்தில் ஒன்று, குளியலறையில் ஒன்று. ஐந்து பிள்ளைகளுக்குப் பதினான்கு டம்ளர் பொறுக்கினேன். எது யாருடையது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் புது டம்ளர் எடுத்துப் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினேன், ஒரு லிட்டருக்கு மேலேயே இருக்கும். டம்ளரில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

பாத்திரம் தேய்க்கும்போது தம்பி மனைவி பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே கேட்டாள், "அண்ணி, மொத்தம் எவ்வளவு ஆச்சு? அடுத்த வருஷம் எங்க வீட்டுல வைக்கலாம்னு இருக்கோம், அதான்." நான் ஒரு தொகை சொன்னேன். அவள், "அவ்வளவுதானா? பரவாயில்லையே" என்றாள். நான் சொன்னது உண்மையில் பாதி.

டிசம்பர் 26, வெள்ளி

மிச்சத்தைச் சமாளிக்கும் நாள். சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் போனவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன், அவற்றையும் மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மேஜையிலேயே இரவு வரை கிடந்த கறியை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டினேன்.

நான்காவது கோழியை யாரும் தொடவே இல்லை. எலும்பிலிருந்து சதையைப் பிய்த்து எடை போட்டுப் பார்த்தேன், 1.8 கிலோ கோழியில் வெந்த சதை 850 கிராம் தேறியது, பாதிக்கும் குறைவு. எலும்பை வேகவைத்துச் சூப்புக்குச் சாறு எடுத்தேன். கேக்கில் மூன்றரை மிச்சம். அவற்றைத் துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் இப்போதே கேக் என்றால் முகத்தைத் திருப்புகிறார்கள்.

டிசம்பர் 28, ஞாயிறு

கணக்கு முடித்தாயிற்று. 100-ல் இறைச்சி 31. பானங்கள் 27, நான் 15-க்குள் அடங்கும் என்று நினைத்திருந்தேன். கேக்கும் இனிப்பும் 14, இது என் கையால் செய்ததும் நான் வாங்கியதும் மட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கும் கொட்டை, சீஸ், சிப்ஸ் 11, இவற்றைத் தின்றுவிட்டுத்தான் எல்லாரும் சாப்பாட்டில் "போதும் போதும்" என்றார்கள். காய்கறி, பழம் 9. பால், வெண்ணெய், முட்டை 8.

"பயத்துக்கு வாங்கியது" பத்தியைக் கூட்டினால் 22 வருகிறது. ஐந்தில் ஒன்றுக்கு மேல். யாரும் பசியோடு போகவில்லை, போகப் போவதும் இல்லை, அது எனக்கு 13-ஆம் தேதியே தெரியும்.

ஆனால் கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்தால் அந்தப் பாதித் தொகைதான் உறுத்துகிறது. ஏன் குறைத்துச் சொன்னேன்? பெருமைக்கா, அவள் சங்கடப்படக் கூடாது என்றா, இல்லை திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிடுமோ என்றா, மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அவள் அந்தத் தொகையை வைத்துக்கொண்டுதான் அடுத்த டிசம்பருக்குப் பணம் ஒதுக்கப் போகிறாள்.

ஜனவரி 2, வெள்ளி

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். "நான் உங்க அப்பாகிட்டயே பாதிதான் சொல்லுவேன்." மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆகஸ்ட் மாதத்திலிருந்தே மாதச் சாமான் வாங்கும்போது இரண்டு சாமான் கூடுதலாக வாங்கி, டிரங்குப் பெட்டியில் போர்வைக்கு அடியில் வைப்பாளாம், ஒரு மாதம் சர்க்கரையும் உலர் திராட்சையும், அடுத்த மாதம் வேறெதாவது. டிசம்பரில் "இருக்கிறதை வச்சுப் பண்றது" என்று அவள் சொன்னது பொய்யும் இல்லை. எங்களுக்குத்தான் அது ஐந்து மாதமாக வந்து சேர்ந்தது என்று தெரியாது.

"அப்ப என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீ எப்ப கேட்ட?" என்றாள். கேட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நவம்பரில் கேட்டேன், அதற்கு முன்னால் எப்போது கேட்டேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

இரவு நோட்டின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து, தொகையோடு, பயத்துப் பத்தியோடு, தம்பி மனைவிக்கு அனுப்பினேன். "அன்னிக்குப் பாதிதான் சொன்னேன்ப்பா, இதுதான் சரியான கணக்கு. அடுத்த தடவை கேக் நான் மட்டும் கொண்டு வரேன், மத்தவங்க கேட்டா பழச்சாறு, பாட்டில்னு பிரிச்சுக் கொடுத்துடு" என்று கூடவே எழுதினேன். அவள் படித்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது. ரொம்ப நேரம் பதில் இல்லை. கோபமோ என்று நினைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து வந்தது: "அண்ணி, இதுல ஐஸ் எங்கயும் காணோமே?"

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. வீட்டுக்காரர் கையிலிருந்த காசு கொடுத்து வாங்கியது, பில்லும் கிடையாது. அவரை எழுப்பிக் கேட்டு, நான்காம் பக்கத்தின் ஓரத்தில் இப்போதுதான் எழுதினேன்: ஐஸ், 6 கிலோ.