அம்மாவும் சனி பகவானும் காவலூர் மலையும்

நங்கநல்லூர்ல எங்க மொட்டை மாடியில நின்னு அண்ணாந்து பாத்தா மினுக் மினுக்னு தெரியறதுல பாதி மீனம்பாக்கத்துல எறங்குற ப்ளேன் தான். பசங்களுக்கு நிஜ நட்சத்திரம் காட்டலாம்னு போன தை மாசம் ஒரு சனிக்கிழமை, பெரிய டெலஸ்கோப் வெச்சு வானத்த ஆராய்ச்சி பண்ற காவலூருக்குக் கிளம்பினோம். தங்கச்சி வீட்டுக்காரர் தான் டிரைவிங்.

அம்மா கையில நாலு எலுமிச்சம்பழம். மலைப் பாதையில யாருக்காவது வாந்தி வந்தா மோந்து பாக்கன்னு நான் நெனச்சேன், தெருமுனை தாண்டல, நாலு டயருக்கும் நாலையும் வெச்சு நசுக்கியாச்சு. ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக், ஆம்பூர் பிரியாணி எல்லாம் முடிஞ்சு வாணியம்பாடியில திரும்பி ஆலங்காயம் தாண்டினா ஜவ்வாது மலை. ரோடு அவ்ளோ அழகு, ரெண்டு பக்கமும் காடு, ஜில்லுனு காத்து, ஆனா நான் பாத்ததெல்லாம் கேரி பேக் தான், ஏன்னா வளைவுக்கு வளைவு சின்னவன் ஆம்பூர் பிரியாணியத் திருப்பிக் குடுத்துட்டு வந்தான். எலுமிச்சம்பழம் எங்கன்னு கேட்டா அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

மேல போனதும் அந்தப் பெரிய வெள்ளை டோம். உள்ள இருக்கிற டெலஸ்கோப்போட கண்ணாடி மட்டும் 2.34 மீட்டர் அகலம், 1986-ல வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பேரை அதுக்கு வெச்சாங்க. 1988-ல இங்க ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சு ராமானுஜன்னு பேரு வெச்சிருக்காங்க. ஊர் வெளிச்சம் பட்டா மங்கலா இருக்கிறது எதுவும் தெரியாதாம், அதனால தான் காட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்காங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சின்ன டெலஸ்கோப் தான். க்யூவுல நிக்கும்போது அங்கிருந்தவர், "இன்னிக்கு சனி கிரகம் தெரியுது, வாங்க"ன்னார்.

அவ்ளோ தான். அம்மா செருப்பக் கழட்டிட்டாங்க.

அம்மாவுக்கு கும்ப ராசி, ஏழரை ஓடிட்டிருக்கு. கோயில்லயே சனி பகவானை நேருக்கு நேர் பாக்காம ஓரமா நின்னு கும்பிடுற ஆளு, இங்க லென்ஸ் வேற வெச்சுப் பக்கத்துல கொண்டாந்து காட்டினா? "சைடுல இருந்து பாக்க வழி இருக்கா தம்பி?" அவர் பாவம் பொறுமையா, சனி சூரியனைச் சுத்தி வர கிட்டத்தட்ட 29½ வருஷம் ஆகும்மான்னு ஆரம்பிச்சார். "தெரியுமே, ராசிக்கு ரெண்டரை வருஷம், 12 ராசி"ன்னு அம்மா பட்டுனு சொல்ல, மனுஷன் ஒரு செகண்ட் கணக்குப் போட்டுப் பாத்துட்டு சிரிச்சுட்டார்.

கடைசியில கண்ண இறுக்க மூடிக்கிட்டு டெலஸ்கோப்புல முகத்த வெச்சு ஸ்லோகம் முழுசா முடிச்சுட்டு தான் எறங்கினாங்க. பின்னாடி இருபது பேர் வெயிட்டிங். நான் நேராவே பாத்தேன், குட்டியூண்டு எலுமிச்சம்பழத்துல குறுக்க குண்டூசி குத்துன மாதிரி வளையம். ஜிவ்வுனு இருந்துச்சு.

எறங்கும்போது பாதி மலையில டயர் பஞ்சர்.

அம்மா ஒண்ணும் கேக்கல. "யாரு நேரா பாத்தது?"ன்னு மட்டும் கேட்டாங்க. நானும் தங்கச்சி வீட்டுக்காரரும் செல்போன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு நட்டோட மல்லுக்கட்டுறோம், அம்மா ஒரு கல்லு மேல ஹாயா உக்காந்து வானத்தையே பாத்துட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு குரல்.

"டேய், அந்த லைட்ட அணைங்கடா, ஒண்ணுமே தெரியல."