மாத்திரை போட்டியா?

கீழ் வீட்டு வாடகை மாதம் 6,500 ரூபாய். அப்பா போன பிறகு அது அண்ணன் கணக்குக்குத்தான் போகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் செலவை அதிலிருந்து எடுக்கலாமே என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்றான்.

அதோடு பேச்சு முடிந்தது. மதினி அம்மாவைப் பார்த்தாள், அம்மா என்னைப் பார்த்தாள். வாடகை அங்கேயே நின்றுவிட்டது.

2016ல் எனக்கு பைபோலார், அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய் என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன் மூன்று வாரம் தூக்கமே இல்லாமல், நடுராத்திரியில் கேள்வித்தாள் கேள்வித்தாளாக எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு நான்கு மாதம் தலை வாரக்கூட எழுந்திருக்கவில்லை. அதற்குக் கொடுத்த லித்தியம் மாத்திரைதான் என்னைத் திரும்ப வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

"சுகர் மாத்திரை மாதிரிதானே இதுவும்" என்று நல்ல மனசோடு சொல்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லைங்க. சித்தப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அவர் சத்தம் போட்டால் யாரும் மெட்ஃபார்மின் போட்டீர்களா என்று கேட்டதில்லை. யார் என்ன சொல்லிவிட்டார்கள் என்றுதான் விசாரிப்பார்கள். என் கோபத்துக்கு மட்டும் அந்த விசாரணை கிடையாது. கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாலும் அம்மாவின் முகம் மாறும்.

வீட்டுக்குள் இவ்வளவு சத்தமாக விசாரிக்கப்படும் மாத்திரை, வாசலைத் தாண்டினால் இல்லவே இல்லை. ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து பழைய கால்சியம் டப்பாவில் அம்மா போட்டு வைப்பாள். மெடிக்கலில் சீட்டை நீட்டும்போது டாக்டரின் பட்டத்தை விரலால் மறைத்துக்கொள்வாள். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரே மதுரை வரைக்கும் வசவாக வந்து சேர்ந்திருக்கிறது. அவள் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த மறைப்பு என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. 2023 மே மாதம், கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தோம். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று பல் டாக்டர் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு "கால்சியம் மட்டுந்தான்" என்றாள். நானும் தலையாட்டினேன். வலிக்கு ஐபுபுரூஃபன் எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். போதாததற்குக் கத்திரி வெயில், உடம்பில் தண்ணீர் இல்லை.

ஐந்தாம் நாள் காபி தம்ளரைப் பிடிக்க முடியாத அளவு கை நடுங்கியது. வாந்தி. நடந்தால் சுவர் பக்கமாகச் சாய்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுப்பேன், லித்தியம் அளவு எப்போதும் 0.7 சொச்சம்தான் வரும். 1.0ஐத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று 1.8. லித்தியத்தை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். "நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன்" என்று அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தலையாட்டியதை அவள் மறந்துவிட்டாள். எனக்கு மறக்கவில்லை.

அடுத்த பல்லுக்கு அதே டாக்டரிடம்தான் போனோம். உட்கார்ந்ததும் சொன்னேன்: "நான் லித்தியம் சாப்பிடுறேன் டாக்டர், பைபோலாருக்கு." அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் குறித்துக்கொண்டு, "அப்ப பாரசிட்டமால் எழுதுறேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் ஏழு வருஷம் பயந்திருந்தோம்.

கால்சியம் டப்பாவை எடுத்துவிட்டேன். ஸ்ட்ரிப் இப்போது சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடி பக்கத்தில் கிடக்கிறது.

நேற்று அண்ணன் வந்திருந்தான். வாடகைப் பேச்சை எடுத்தேன். வாயைத் திறக்கும் முன்பே அவன் என்ன கேட்கப் போகிறான் என்று தெரிந்தது.

"காலையிலயே போட்டாச்சுண்ணே. கண் ஆஸ்பத்திரியில இருபத்தெட்டாயிரம் கேக்குறாங்க. நீ எவ்வளவு தர்ற?"