38 என்று பெயரில் இருந்த கோப்பு

சர்வரில் ஒரு சிறிய கருவியை நிறுவ வேண்டியிருந்தது. வழக்கம்போல் முதலில், மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கருவியின் பட்டியலைப் புதுப்பித்தேன். எல்லா வரிகளும் ஓடி முடிந்த பிறகு கடைசியில் ஒரு பிழைச் செய்தி: பைத்தான் நிரல்மொழிக்கான 'ஆப்ட்_பிகேஜி' என்ற மாட்யூல், அதாவது நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்பு, இல்லையாம். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் இயந்திரம் அது. ரசீது தயாரிக்கும் எங்கள் நிரல் அப்போதும் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

பைத்தானை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினால் சரியாகிவிடும் என்றார் பக்கத்து இருக்கை நண்பர். கட்டளையைத் தட்டியதும், கூடவே நீக்கப்படும் தொகுப்புகளின் பட்டியல் திரையை நிறைத்தது. நெட்பிளான், யுஎஃப்டபிள்யூ, உபுண்டு மினிமல் என்று போய்க்கொண்டே இருந்தது. நெட்பிளான்தான் அந்த இயந்திரத்தின் நெட்வொர்க்கை அமைப்பது. யுஎஃப்டபிள்யூ அதன் ஃபயர்வால். இயந்திரமோ வேறு ஊரில் இருந்தது, நெட்வொர்க் வழியே தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ஒன்றுதான் எங்களுக்கு வழி. 'தொடரவா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் கொடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. காரணம் தெரியாமல் எதையும் நீக்கக் கூடாது என்பதில் அன்றிலிருந்து நான் பிடிவாதக்காரன்.

எந்தப் பைத்தான் பதிப்பை இயக்குவது என்று கணினிக்குச் சுட்டும் பைத்தான்3 என்ற இணைப்பு எங்கே போகிறது என்று பார்த்தேன். உபுண்டு 20.04இல் அது 3.8ஐக் காட்ட வேண்டும். இங்கே 3.10ஐக் காட்டியது. அடுத்து, பிழை சொன்ன மாட்யூலைத் தேடினேன். கோப்பு இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. ஆனால் அதன் பெயருக்கு நடுவில் 'சிபைத்தான்-38' என்றிருந்தது. சி, சி++ மொழிகளில் எழுதித் தொகுக்கப்படும் மாட்யூல்கள் எந்தப் பதிப்புக்கு உரியவை என்பதைப் பொதுவாகப் பெயரிலேயே சுமந்திருக்கும். 3.10 தேடுவது '310' என்ற பெயரை. கண் முன்னால் கிடந்த கோப்பு அதற்குத் தெரியவில்லை.

இணைப்பை மாற்றியவர் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர். பைத்தான் 3.10இல்தான் 'மேட்ச்' என்ற கட்டளை வந்தது. அவர் எழுதிய நிரலுக்கு அது தேவைப்பட்டது. "நிரல் ஓடியது சார், அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன்" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கணினி தனக்கென்று வைத்திருக்கும் பைத்தான் வேறு, நம் நிரலுக்கான பைத்தான் வேறு என்பதை அவருக்கு நாங்கள் யாருமே சொல்லித் தந்திருக்கவில்லை.

இணைப்பை 3.8க்குத் திருப்புவது ஒரே வரி வேலை. அவருடைய நிரலுக்கு 3.10ஐக் கொண்டே கணினியின் பைத்தானைத் தொடாத தனி மெய்நிகர் சூழல் அமைத்து, நிரலை இயக்கும் சர்வீஸ் கோப்பில் அதன் பாதையை எழுதினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

என்னை உலுக்கியது அதற்குப் பின் பார்த்ததுதான். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' கருவியும் பைத்தானில் எழுதப்பட்டது, அதே மாட்யூலை நம்பியிருப்பது. அதன் பதிவுக் கோப்பில் பிழை என்று ஒரு வரிகூட இல்லை. இணைப்பு மாறிய நாளோடு பதிவு நின்றிருந்தது, அவ்வளவுதான். 22 நாட்கள் ஒரு திருத்தமும் இறங்கவில்லை, நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தச் சர்வரில் இருந்தவை மற்றவர்களின் பெயர்களும் முகவரிகளும்.

மறுநாள் காலை அந்த இளைஞர் எனக்கு முன்பே வந்து பதிவுக் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். இரவில் நிறுவப்பட்ட தொகுப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.