எண்ணெயை எடுத்த இடத்தில் ஜவ்வரிசியை வைக்காதீர்கள்

பி.சி.ஓ.எஸ். (நாம் கர்ப்பப்பை நீர்க்கட்டி என்று சொல்கிற ஹார்மோன் கோளாறு) என்று ஸ்கேன் சொன்னதும் சேலத்து வீடுகளில் முதலில் ஒதுக்கப்படுவது எண்ணெய். தாளிப்பு நிற்கும், தேங்காய்ச் சட்னி நிற்கும், சாயங்காலத் தட்டுவடை செட்டும் நிற்கும். அந்த இடத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சி, ரஸ்க், ரசம் ஊற்றிய சோறு என்று வந்து உட்கார்ந்துவிடும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எடை இறங்கியிருக்காது, மாதவிலக்குத் தேதியும் ஒழுங்காகியிருக்காது. "எண்ணெயைத் தொடவே இல்லையே" என்று அந்தப் பெண் அழுவாள். அவள் பத்தியத்தில் குறையே கிடையாது, தட்டில்தான் கணக்கு தவறிவிட்டது.

ஜவ்வரிசி நம் ஊர்ப் பொருள். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், 2023-இல் கிடைத்த புவிசார் குறியீடும் நமக்குப் பெருமைதான். ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே. 100 கிராமில் சுமார் 350 கலோரி. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம், புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது, நார்ச்சத்தும் அப்படியே. காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரை மளமளவென்று ஏறும், அதை இறக்க இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும். பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு, ஒல்லியாக இருப்பவர்களுக்கும்கூட, இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. ஆண்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதம் ஒன்றைக் கல்லீரல் தயாரிக்கும், அதையும் குறைத்துவிடுகிறது. முகத்தில் முடி, பரு, முட்டை வெளிவராமல் நின்றுபோவது எல்லாம் இந்த வழியாக வருகிறவை. ("கர்ப்பப்பை நீர்க்கட்டி" என்று நாம் சொல்வது கர்ப்பப்பையில் இருப்பதில்லை, கட்டியும் இல்லை. சினைப்பையில் முழு வளர்ச்சி பெறாமல் நின்ற சிறு சிறு முட்டைப் பைகள். அறுத்து எடுக்கவேண்டுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.)

அப்படியானால் கொழுப்பைக் குறைப்பது வீண் வேலையா? கிடையாது. ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு சேர்வது), கூடுதல் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்), பித்தப்பைக் கல் ஆகியவை கூடவே இருந்தால் மருத்துவரே குறைக்கச் சொல்வார். எடை குறைக்கவும் உதவும், ஏனென்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. அதிக எடை உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு விலக்கு சீராகிறது. மற்றபடி பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு இந்த உணவுமுறைதான் உசத்தி என்று எதையும் 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்லவில்லை. விடாமல் கடைப்பிடிக்க முடிகிற முறைதான் நல்ல முறை.

இனி அளவு. ஒரு நாளைக்கு 1,600 கலோரி சாப்பிடுபவருக்கு அதில் கால் பங்கு கொழுப்பு என்றால் 400 கலோரி, அதாவது 44 கிராம். எண்ணெய் மூன்று டீஸ்பூன் 13.5 கிராம், டோன்டு பால் 200 மில்லி 6, ஒரு முட்டை 5, ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் 4, அரிசி பருப்பில் மறைந்திருப்பது 7. கூட்டினால் 42.5. தேங்காயும் உண்டு, கடலையும் உண்டு, பாருங்கள்.

இந்தக் கணக்கு கவிழ்வது எண்ணெய்ச் சொம்பில்தான். கண் அளவில் ஊற்றுகிற "கொஞ்சூண்டு", ஸ்பூனில் பிடித்துப் பார்த்தால் மூன்று நான்கு ஸ்பூன் வரும். காலையிலேயே ஒரு கிண்ணத்தில் அன்றைய எண்ணெயை அளந்து வைத்துவிடுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு 60 மில்லி, மாதத்துக்கு 1.8 லிட்டர். தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் அந்தக் கிண்ணத்திலிருந்தே. தோசைக்கல்லுக்கு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் அரை ஸ்பூனில் மூன்று தோசை வரும். தட்டுவடை செட்டோ நொறுக்கலோ சாப்பிடுகிற நாளில் உங்கள் பங்கில் இரண்டு ஸ்பூனைக் கழித்துவிடுங்கள். வாரம் ஒரு தடவை போதும்.

எண்ணெயை அடியோடு நிறுத்துவது வேறு தொல்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். கொழுப்பே உள்ளே போகாவிட்டால் பித்தப்பை சரியாகச் சுருங்காது. அதோடு எடையும் வேகமாக இறங்கினால் கல் சேரும். பதினொரு மணிக்கே பசி கிள்ளும், கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும்.

எண்ணெய் விட்டுப்போன இடத்தை நிரப்ப நம் பக்கத்தில் கொள்ளு இருக்கிறது. 100 கிராமில் 22 கிராம் புரதம், கொழுப்பு சொற்பம். ஒருவருக்கு 40 கிராமை இரவே ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் மாற்றிக் குக்கரில் ஆறு விசில். வெந்த தண்ணீரை ரசத்துக்கு வடித்து வையுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் சீரகம், மூன்று பல் பூண்டு, ஆறு சின்ன வெங்காயம், இரண்டு வரமிளகாய் வதக்கி, கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாகக் கடையுங்கள். கூட ராகிக் களி, 50 கிராம் மாவில் கிளறிய ஓர் உருண்டை மட்டும். ராகிதானே என்று இரண்டு மூன்று உருண்டை போட்டால் அதுவும் சர்க்கரையாகத்தான் ஏறும். தட்டில் பாதிக்குக் கீரையோ கோவைக்காய்ப் பொரியலோ இருக்கட்டும், அதை முதலில் சாப்பிடுங்கள்.

கொள்ளு பழக்கமில்லாத வயிற்றில் வாயு சேரும். பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு மருத்துவர் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் முதல் சில வாரம் வயிற்றைப் புரட்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை முதலில் பழகட்டும், சாப்பாட்டோடு போடுங்கள். வருஷக்கணக்கில் எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கட்டாயம்.

மேட்டூர் மீனை வறுவலாக இல்லாமல் குழம்பாக வையுங்கள். மத்தி கிடைத்தால் அதன் கொழுப்புக்குப் பயப்பட வேண்டாம், அது நல்ல கொழுப்பு. ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட் கால் பழம் சாப்பிடுகிற நாளில் வேர்க்கடலையை விடுங்கள். பாலும் சர்க்கரையும் போட்டு அடித்த ஜூஸ் மட்டும் வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுங்கள். டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) ஏறி எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) இறங்கியிருந்தால், எண்ணெய்க்குப் பதில் மாவுச்சத்து கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். சோற்றையும் டிபனையும் ஒரு வாரம் நோட்டில் எழுதினால் எங்கே என்று பிடிபடும். விலக்கு வந்த தேதியையும் அதே நோட்டில் குறியுங்கள். 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் நோட்டோடு போய்விடுங்கள்.