ஒரே லைனில் நான்கு மாட்யூல்கள்

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஒரு சென்சாரை மாட்டி ஓடவிடுவது அரை மணி நேர வேலை. நான்கைந்தை ஒன்றாக மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். அம்பத்தூரில் மோட்டார்களின் அதிர்வைப் பதிவு செய்யும் பெட்டிகளைத் தயாரிக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. சென்சார் போன்றவை பொருத்திய சின்ன போர்டுகளான மாட்யூல்களை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவோம். கடைக்காரர் சோதித்துத்தான் தருவார், தனித்தனியாக எல்லாமே ஓடும்.

பாலிடெக்னிக் முடித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கூப்பிட்டாள். "அண்ணா, ரெண்டு மாட்டியிருக்கேன், ஸ்கேன்ல ஒண்ணுதான் காட்டுது. நேரமும் தப்புத்தப்பா வருது." ஒன்று டிஎஸ்3231 கடிகாரம், இன்னொன்று எம்பியு6050 அதிர்வு சென்சார். பல மாட்யூல்கள் ஒரே ஜோடி லைனில் பேசும் முறைதான் ஐ2சி; அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி, ஸ்கேன் காட்டுவது அதைத்தான். இவை இரண்டுக்கும் அது ஹெக்ஸில் 68. கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்தே பதில் சொல்லும். ஒன்று லைனைக் கீழே இழுத்தாலே அந்த பிட் பூஜ்யம்தான். அதனால் வரும் எண் இரண்டில் எதனுடையதும் இல்லை. எம்பியு6050-இன் ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டில் இணைத்ததும் அது 69-க்கு மாறியது, ஸ்கேனில் இரண்டும் வந்தன. டேட்டாஷீட்டைப் பார்த்து அந்தப் பின்னை அவளே கண்டுபிடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முகவரிச் சிக்கலாவது ஸ்கேனில் தெரிந்துவிடும். லைனை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் விவகாரம் அப்படித் தெரியாது. ராஸ்பெர்ரி பையிலேயே எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) என்ற இரண்டு லைனுக்கும் 1.8 கிலோ ஓம் புல்-அப் இருக்கிறது. மாட்யூல் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 4.7 கிலோ ஓம் போட்டு வந்தால், நான்கும் பையில் இருப்பதோடு பேரலலாகச் சேரும்போது மொத்தம் சுமார் 710 ஓமாகக் குறைந்துவிடும். 3.3 வோல்ட்டில், சிப் 3 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்ற கணக்குப்படி 970 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. போனால் சிப்பால் லைனை முழுதாகக் கீழே இழுக்க முடியாமல் போகலாம். மேஜையில் ஓடும், வாடிக்கையாளர் இடத்தில் எப்போதாவது ஒரு ரீடிங் தவறும். அந்த "எப்போதாவது"தான் ஆளைக் கொல்லும். ஆகவே மாட்யூலைத் திருப்பி, "472" என்று பொடி எழுத்தில் இருக்கும் கறுப்பு ரெசிஸ்டரைத் தேடுவோம். இரண்டு முனையிலும் சால்டரிங் அயர்னை வைத்தால் கையோடு வந்துவிடும். பையில் இருப்பதே போதும்.

சில மாட்யூல்களை 5 வோல்ட்டில் ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம்தான், ஆனால் அதன் புல்-அப் எஸ்டிஏவையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். பையின் பின்கள் 3.3-க்கு மேல் தாங்காது. புது மாட்யூல் எதுவானாலும் அதற்கு மட்டும் பவர் கொடுத்து, எஸ்டிஏவில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பையில் மாட்டச் சொல்கிறேன்.

ஜம்பர் வயரோடு எந்தப் பெட்டியையும் வெளியே அனுப்புவதில்லை. சென்னையின் உப்புக்காற்றும் மோட்டாரின் அதிர்வும் சேர்ந்தால் அந்தப் பின்கள் எவ்வளவு நாள் பிடித்துக்கொள்ளும்? எல்லாவற்றையும் பிசிபி எனும் சர்க்யூட் போர்டில் சால்டர் வைத்தே அனுப்புகிறோம்.