ஐந்து ஆண்டுகள் பள்ளிகளைப் பூட்டி வைத்த ஊர்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வில்லியம்ஸ்பர்க் பக்கம்தான் போவார்கள். நாங்கள் ரிச்மண்டிலிருந்து மேற்கே காரை விட்டோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் ஃபார்ம்வில். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைமையிடம் என்றாலும் சின்ன ஊர்தான். மேசை, நாற்காலி, கட்டில் விற்கும் கடைகளுக்குப் பெயர் பெற்றது. என் மனைவிக்கு அந்தக் கடைகளின் மேல்தான் கண். எனக்கு மோட்டன் பள்ளியைப் பார்க்க வேண்டும்.

இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்தச் செங்கல் கட்டடத்தை 1939-இல் கறுப்பின மாணவர்களுக்காகக் கட்டினார்கள். 180 பேருக்கான இடத்தில் 1950 வாக்கில் 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். உணவுக்கூடம் கிடையாது, உடற்பயிற்சிக் கூடம் கிடையாது. நெருக்கடிக்கு நிர்வாகம் கண்ட வழி, மரச்சட்டம் அடித்துத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள். படத்தில் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு வியர்க்கும். கடைசி வரிசையில் இருந்தவன் கோட்டைக் கழற்ற மாட்டான். மழை பெய்தால் கூரை ஒழுகும். வழிப்போக்கர்கள் கோழிப்பண்ணை என்று நினைத்ததாகவும் சொல்வார்கள்.

பள்ளியின் அரங்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி இங்கேதான் மேடையேறினாள். பஸ் நிலையத்தில் மாணவர்கள் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தொலைபேசியில் பொய் சொல்லித் தலைமையாசிரியரை வெளியே அனுப்பியாகிவிட்டது. அவர் பெயரில் சீட்டு எழுதி எல்லா வகுப்புகளையும் அரங்கத்துக்கு வரவழைத்து, ஆசிரியர்களையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பள்ளி மொத்தமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. என்ன துணிச்சல்!

அவர்கள் கேட்டது நல்ல கட்டடம் மட்டும்தான். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற வழக்கறிஞர்கள்தான், இனப்பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்கை நடத்துகிறோம் என்றார்கள். அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பான பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று. 1954-இல் தீர்ப்பு மாணவர்கள் பக்கம் வந்தது.

புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு சுபம் போட்டுவிடுகின்றன. ஃபார்ம்வில் வரைக்கும் போக வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைத் தெரிந்துகொள்ளத்தான்.

1959-இல், இனி வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் நெருக்கியபோது, கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்காமல் விட்டது. அரசுப் பள்ளிகள் அத்தனையும் மூடப்பட்டன. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 1953-இல், கறுப்பின மாணவர்களுக்கு அவசர அவசரமாகக் கட்டித் தந்த புதிய உயர்நிலைப் பள்ளிக்கும் பூட்டுதான். வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி முளைத்தது. அதன் கட்டணத்துக்கு அரசுப் பணமும் போனது. கறுப்புப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள், சிலர் தேவாலயங்களில் நடந்த வகுப்புகளுக்குப் போனார்கள். பலர் எங்குமே போகவில்லை.

உலகில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்களை 1963-இல் பட்டியலிட்ட அன்றைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சிங்கப்பூர் போன்றவற்றோடு இந்தக் கவுண்டியையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஆண்டுதான் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் திறந்தன. 1964-இல், இந்தப் பள்ளி மூடலை எதிர்த்த கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்ட பிறகே அரசுப் பள்ளிகளின் கதவு திறந்தது.

வேலைநிறுத்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். தலைநகர் வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்தில் இருந்து 2020-இல் அகற்றிய, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் சிலைக்குப் பதிலாக வைக்க வர்ஜீனியா தேர்ந்தெடுத்ததும் பார்பரா ஜான்ஸைத்தான். ஆனால் மேடையேறிய மாணவியைக் கொண்டாடுவது சுலபம். படிப்பு நின்றுபோனவர்களை என்ன செய்வது? அவர்களுக்கென்று மாநில அரசு கல்வி உதவித்தொகை அறிவித்தது 2004-இல். 1959-இல் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியிருந்த பிள்ளைக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும்.